பதின்ம வயதினரைத் தொண்டுப் பணிக்கு அழைக்க நான்கு வழிகள்: வேலூர்ப் பக்கத்துக்கு எது பொருந்தும்?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்துவிட்டால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். காட்பாடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பிள்ளைகளைத் தொண்டுக்கு இழுக்கும் மந்திரம் ஏதோ எனக்குத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த ஆண்டு மூவர் கேட்டார்கள். சத்துவாச்சாரியில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர், ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவைச் சுத்தம் செய்யப் பெரியவர்கள் எட்டுப் பேர் மட்டுமே வருவதாகவும், பிள்ளைகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவதாகவும் குறைபட்டார். குடியாத்தத்தில் ஒரு தாய், பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும் தன் மகன் கைப்பேசியை விட்டு ஒரு மணி நேரமாவது நாலு பேருக்கு உதவியாக இருக்கமாட்டானா என்று கேட்டார். பேரணாம்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் புதிதாகத் திட்ட அலுவலர் பொறுப்பேற்றிருக்கும் இளம் ஆசிரியருக்கோ, பட்டியலில் 50 பெயர் இருந்தும் களத்துக்குப் பதினைந்து பேர்தான் வருகிறார்கள்.

மூவருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: பள்ளி வழியாகக் கட்டாய மணிநேரம் வைப்பது; சான்றிதழும் பரிசும் காட்டி அழைப்பது; தெருவும் வழிபாட்டுத் தலமும் ஏற்கெனவே நடத்தும் சேவையோடு சேர்த்துவிடுவது; சிறு குழுவாக ஒரே இடத்துக்கு வாரந்தோறும் அனுப்பி, திட்டத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுவது. நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். நான்கிலும் தோற்றும் இருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அதுவும் ஓர் அளவுதான். ஆனால் அதைவிடப் பத்தாவது வாரம் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற எண்ணிக்கை உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. முதல் நாளுக்கு அழைத்து வருவதும் பத்தாவது வாரம் வரை வைத்திருப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலைந்து ஆண்டுகள் பிடித்தன.

மூன்றாவது அளவு, உதவி பெறுபவருக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பது. முதியோர் இல்லத்துக்கு ஒரே நாளில் அறுபது பிள்ளைகள் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். அன்று மாலை அந்த இல்லத்தில் சாப்பாடு தாமதமாகும், சிலருக்குத் தலைவலி வரும். நான்காவது அளவு, பெரியவர்களுக்கு ஆகும் உழைப்பும் பணமும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. 18 வயது நிறையாதவர்கள் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள் என்பதை நல்லெண்ணம் உள்ளவர்கள்தான் அதிகம் மறக்கிறார்கள். இரத்த தானத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கழிவுநீர்க் கால்வாயைக் கையால் அள்ள வைப்பதை, எவ்வளவு உற்சாகமாக ஒரு பிள்ளை முன்வந்தாலும், ஏற்கவே கூடாது. முன்பின் அறியாத வீட்டுக்குள் ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்புவதும் அப்படியே. இருவர் இருவராகத்தான் அனுப்ப வேண்டும்.

ஆறாவதாக நான் சேர்ப்பது, யார் விடுபடுகிறார்கள் என்பது. எந்த வழியை எடுத்தாலும் அதன் வாசலுக்கு வெளியே சிலர் நின்றுபோகிறார்கள்: இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப வேண்டிய பெண் பிள்ளைகள், பள்ளி விட்டதும் கடையிலோ வீட்டுத் தொழிலிலோ கைகொடுக்க வேண்டிய பிள்ளைகள், திக்கிப் பேசும் பையன்கள். ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

## முதல் வழி: பள்ளியின் கட்டாய மணிநேரம்

நம் பள்ளிகளில் இதற்கு ஆள் பலம் இல்லாமல் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய பசுமைப் படை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணிநேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம், இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் வரையறை. 'எனக்காக அல்ல, உனக்காக' என்ற அதன் வாசகம் முகாம் பேனரில் பெரிதாக இருக்கும்.

முதல் நாள் வருகையில் இதை விஞ்ச எதுவும் இல்லை. வருகைப் பதிவேடு இருக்கும் இடத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். வேறு எந்த வழியிலும் எட்டாத பிள்ளையை, வீட்டில் தொண்டு என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளையை, இது ஒரு முறையாவது களத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர்கூட, ஆசிரியை உடன் வருகிறார், பள்ளி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றால் அனுப்பிவிடுகிறார்கள்.

மறைந்திருக்கும் விலை பிறகுதான் தெரியவரும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணிநேரச் சேவை கட்டாயம். 1997இல் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதன் விளைவை அளந்தபோது, எட்டாம் வகுப்பில் சேவை செய்வோர் கூடியிருந்ததும், பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்திருந்ததும் தெரிந்தது. கணக்கைச் சீக்கிரமே முடித்துவிட்டால் அப்புறம் எதற்கு வர வேண்டும் என்பதுதான் பிள்ளைகளின் மனக்கணக்கு. வேலூரில் நான் பார்த்ததும் அதே கணக்குதான். 120 மணிநேரம் நிரம்பிய அன்று ஒரு மாணவன் பதிவேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, ஜெயிலிலிருந்து வெளியே வந்தவனைப் போல ஒரு மூச்சு விட்டான். நல்ல பையன், நன்றாக வேலை செய்தவன். அவனைத் தண்டனைக் கைதியாக்கிய குற்றம் என்னுடையது.

கட்டாயம் யாரை எப்படித் தாக்குகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. தானாகவே வந்திருக்கக்கூடிய பிள்ளையை அது பெரிதாகக் கெடுப்பதில்லை. வர விருப்பமே இல்லாத பிள்ளைதான், வற்புறுத்தப்பட்டபின் இன்னும் தூரமாகப் போகிறது. ஆகவே, கட்டாயம் இருந்தே தீர வேண்டும் என்றால் அதற்குள் தெரிவை வையுங்கள். ஐந்து வேலைகளைக் கரும்பலகையில் எழுதி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை. நான் ஒன்பதாவது ஆண்டில்தான் அதைச் செய்தேன்.

முதல் அறிமுகத்துக்கும், ஒரே நாளில் நிறையக் கைகள் தேவைப்படும் வேலைக்கும் இது சிறந்த வழி. 2021 நவம்பரில் பாலாற்றில் பல ஆண்டுகள் காணாத வெள்ளம் வந்து கரையோரத்து மக்கள் முகாம்களுக்குப் போனார்களே, அதுபோன்ற நேரத்தில் துணி பிரிக்க, பொட்டலம் கட்ட, பெயர் எழுத ஐம்பது பேரைத் திரட்டித் தரப் பள்ளியால்தான் முடியும். ஆற்றங்கரைக்கு மட்டும் ஒரு பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

## இரண்டாம் வழி: சான்றிதழ், கேடயம், பரிசு

இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழிதான். பெற்றோரை இணங்கவைப்பதில் சான்றிதழுக்கு இணை கிடையாது. கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் என்று ஒரு வார்த்தை சொன்னால் டியூஷனை ஒரு நாள் தள்ளிவைக்கச் சம்மதித்துவிடுவார்கள்.

ஆனால் இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், 180 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவர் இருவராக வீடு வீடாகப் போய் நற்காரியங்களுக்கு நன்கொடை திரட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு இதன் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னதோடு சரி. இன்னொரு பிரிவினருக்குத் திரட்டும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, மூன்றாவது பிரிவினருக்கு நூற்றுக்குப் பத்து, நன்கொடையிலிருந்து எடுக்காமல் தனியாகத் தரப்படும் என்று சொல்லப்பட்டது. அதிகம் திரட்டியவர்கள் காசே வாங்காத பிரிவினர். அடுத்து, பத்து விழுக்காடு வாங்கியவர்கள். ஒரு விழுக்காடு வாங்கியவர்கள் கடைசி. நற்காரியமாக இருந்த வேலை, காசு வந்ததும் கூலி வேலையாகிவிட்டது. கூலி என்று ஆனபின் அந்தக் கூலி அற்பமாகத் தெரிந்துவிட்டது.

நம் ஊரில் சான்றிதழ்தான் அந்த ஒரு விழுக்காடு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு ஏரிக்கரையைச் சுத்தம் செய்ய எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டது, பெயர் வேண்டாம். அறுபது பேரை அழைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பேனர் இருபது அடி நீளம் இருந்தது. கையுறை இருபது ஜோடிதான் இருந்தது, அதுவும் பெரியவர்கள் அளவு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையை எடுக்கும்போதும் கையுறை கழன்று விழ, கடைசியில் இரண்டையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையால் பொறுக்கத் தொடங்கினாள். ஏழேமுக்காலுக்கு விருந்தினர் வந்தார், போட்டோ எடுத்தார்கள், எட்டேகாலுக்கு அவர் காரோடு பாதிப் பெரியவர்களும் போய்விட்டார்கள். எட்டரைக்கு ஒரு பையனின் செருப்பைக் கிழித்துக்கொண்டு பீர் பாட்டில் கண்ணாடி காலில் ஏறியது. முதலுதவிப் பெட்டி இல்லை. என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் டிடி ஊசி போட்டு, அவன் அம்மாவிடம் பேச்சு வாங்கியது நான். சான்றிதழ் மூன்று மாதம் கழித்து வந்தது. அந்தப் பையனின் பெயரில் எழுத்துப் பிழை. அவன் அதைக் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல சார்" என்றான். அதற்குப் பிறகு நான் எதற்குக் கூப்பிட்டும் அவன் வரவில்லை.

சான்றிதழே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லி ஆசை காட்டாமல், வேலை முடிந்தபின் எதிர்பாராமல் கொடுங்கள். அதில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று அச்சடிப்பதற்குப் பதிலாக என்ன செய்தார், எத்தனை வாரம் செய்தார் என்று கையால் எழுதுங்கள். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு, பொதுத்தேர்வு ஆண்டில் இருக்கும் பிள்ளையின் வீட்டுச் சம்மதத்துக்கு, இந்த வழி பொருந்தும். வாரந்தோறும் நடக்கும் பணிக்கு இதை அச்சாணியாக வைத்தால் வண்டி மூன்றாவது வாரமே குடைசாய்ந்துவிடும்.

## மூன்றாம் வழி: தெருவும் திருவிழாவும்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டு மனமே இல்லை என்பவர்கள் வைகாசி முதல் நாள் குடியாத்தத்துக்கு வர வேண்டும். கெங்கையம்மன் சிரசு திருவிழா, அக்கினி நட்சத்திர வெயிலில், ஊர் கொள்ளாத கூட்டத்தோடு நடக்கும். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். பிளாஸ்டிக் டிரம்மை இருபுறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். அவர்களை யாரும் 'ஊக்குவிக்கவில்லை'. ரமலான் மாதத்தில் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் நோன்புக் கஞ்சியை வாளி வாளியாக ஊற்றிக்கொடுப்பவர்களும் அதே வயதினர்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் தேவாலய இளைஞர் குழுக்கள் வீடு வீடாகப் போகின்றன. பள்ளியில் என்னிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு முகாமுக்கு வராத ஒருவன், திருவிழா அன்று மோர் டிரம்மோடு எதிரே வந்து, "சார், ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை; அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கே அவனுக்கு என்ன இருந்தது? கூட்டாளிகள் இருந்தார்கள். வேலை என்ன என்பதில் குழப்பம் இல்லை: டிரம் காலியானால் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். குடித்தவர் முகம் உடனே கண்ணுக்குத் தெரிந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அவனைப் பெயர் சொல்லி வேலை ஏவினார். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முகாமில் நான் கொடுக்காத ஐந்தையும் தெரு கொடுத்தது. பெரியவர்களுக்குக் கூடுதல் செலவும் ஏறத்தாழ இல்லை; பந்தல் எப்படியும் போடப்படுவதுதான்.

ஆனாலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க முடியாது. பையன்கள் டிரம் தூக்குவார்கள். பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் வெங்காயம் உரிப்பார்கள், அதைத் தொண்டு என்று யாரும் எண்ணுவதில்லை. அதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு: தெருவின் சேவை தெருவோடு நின்றுவிடுகிறது. தன் சாதி, தன் மதம், தன் வீதி என்ற கோட்டுக்குள் அள்ளிக் கொடுக்கும் கை, கோட்டுக்கு அந்தப் பக்கம் நீள்வதற்குப் பழகுவதில்லை. சில ஊர்களில் பந்தல்களுக்கு இடையே போட்டி முற்றிக் கைகலப்புவரை போனதும் உண்டு. தவிர, திருவிழா ஆண்டுக்கு ஒரு முறை. பத்தாவது வாரம் என்ற அளவில் இந்த வழி எழுந்து நிற்காது.

வீட்டோடு சேர்ந்து செய்வதையும் இதன் கிளையாகத்தான் எண்ணுகிறேன். தாயோ தந்தையோ தாமே ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தாம் சோபாவில் உட்கார்ந்துகொண்டு மகனை மட்டும் அனுப்பப் பார்க்கும் வீட்டில் எவ்வளவு சொன்னாலும் ஏறாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை பெற்றோருடன் போவது இயல்பாக இருக்கும். பதினைந்து ஆகிவிட்டால் அம்மாவோடு வருவதைக் கூட்டாளி பார்த்துவிடுவானோ என்ற கவலையே பாதி மனத்தைத் தின்றுவிடும்.

## நான்காம் வழி: சிறு குழு, ஒரே இடம், வாராவாரம்

நான்கு முதல் ஆறு பேர். ஒரே இடம். வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருப்பார், வாய் திறக்கமாட்டார். (வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.)

முதல் நாள் வருகையில் இந்த வழி படுதோல்வி. அறுபது பேரிடம் சொன்னால் ஏழு பேர் வருவார்கள். அந்த ஏழு பேரும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வந்தவர்களாக இருக்கமாட்டார்கள். யாரோ ஒருவர் நேரில் பெயர் சொல்லிக் கேட்டதால் வந்தவர்களாக இருப்பார்கள். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அழைப்பதற்கும், "நீ நன்றாகப் படம் வரைவாயே, அங்கே ஒரு வேலை இருக்கிறது, வருகிறாயா?" என்று நடைபாதையில் நிறுத்திக் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். உன்னிடம் இருக்கும் இன்னதுதான் எங்களுக்குத் தேவை என்று சொல்லும் அழைப்பைப் பதின்ம வயதினரால் எளிதில் தட்ட முடிவதில்லை.

வேலூருக்கே உரிய ஒரு வேலையைச் சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் ஏராளம். கடைப் பலகைகளே வங்காள எழுத்தில் இருக்கும். வீட்டில் உருது பேசும் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம், அவர்களுக்கு எதில் சிரமம் என்று கேட்டுவரச் சொன்னேன். அவள் பேசும் உருது அவர்கள் பேசும் இந்தியோடு ஒட்டிப்போகும். தன் தோழியோடு போய்க் கேட்டுவிட்டு வந்து, "சார், அவங்களுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியல, எல்லாம் தமிழ்ல இருக்கு" என்றாள். நாங்கள் யாரும் அதை யோசித்ததில்லை. பேருந்தின் நெற்றியில் 'பாகாயம்', 'காட்பாடி' என்ற எழுத்துகள் எப்படி இருக்குமோ அப்படியே அவளும் தோழியும் ஒரு தாளில் பெரிதாக வரைந்து, கீழே உச்சரிப்பை இந்தி எழுத்தில் எழுதவைத்து, நகல் எடுத்து, ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வைத்தார்கள். செலவு நகலுக்கு மட்டும். அடுத்த வாரம் அந்த லாட்ஜ் மேலாளர் இன்னும் ஐம்பது நகல் கேட்டனுப்பினார். அந்தப் பெண் முகத்தில் அன்று இருந்ததை எந்தக் கேடயமும் தந்திருக்காது.

இன்னொருவன் விருதம்பட்டுப் பையன். கண்புரை முற்றிய ஒரு மூதாட்டிக்கு மாத்திரை அட்டையில் பெயர் படித்துக் காட்டி, காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைப்பது அவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் வேலை. அக்டோபர் மாதம், மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, இன்று போக வேண்டாம் என்று சொல்ல நான் போன் செய்தேன். "ஆயா காத்துக்கினு இருக்கும் சார். மழை பேஞ்சா இன்னா, மாத்திரை போடாம இருக்குமா?" என்றான். அவனுக்கு நான் எந்த மணிக்கணக்கும் எழுதியதில்லை.

தன் தெரிவு, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னை எதிர்பார்க்கும் மனிதர் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் ஊக்கம் தானாக நிற்கிறது என்று உளவியலார் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இன்னொன்றையும் சொல்லலாம். கனடாவின் வான்கூவர் நகரில் 106 பத்தாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பாதியினரை வாரந்தோறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்ய அனுப்பி, இரண்டு மாதம் கழித்து அளந்தபோது, அவர்களுடைய உடல் எடைக் குறியீடும் கொலஸ்டிராலும் மற்றப் பாதியினரைவிடக் குறைந்திருந்தன. அது 2013இல் வெளியான ஆய்வு. இதைச் சொல்லிப் பிள்ளையை அழைக்காதீர்கள். கொழுப்பைக் குறைக்க யாரும் தொண்டுக்கு வரமாட்டார்கள்.

மறைந்த விலை இந்த வழியில்தான் அதிகம். ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் வாராவாரம் வேண்டும். முதல் மாதம் உற்சாகமாக வருபவர் மூன்றாம் மாதம் மச்சினன் கல்யாணம் என்று நின்றுவிடுவார். பிள்ளை நின்றுபோனால் காத்திருக்கும் முதியவருக்கு அது ஓர் இழப்பு. ஆகவே எப்போது முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். போக்குவரத்தும் உண்டு. மாணவர்களின் இலவசப் பேருந்து அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால் பெண் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை, பையன்களுக்குத்தான் காசு வேண்டும். அதைக் கேட்க வெட்கப்பட்டு 'தலைவலி' என்று நின்றுவிட்ட பையன்களை நான் மிகத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பள்ளிக் கட்டாயம் | சான்றிதழ், பரிசு | தெரு, திருவிழா | சிறு குழு |
|---|---|---|---|---|
| முதல் நாள் வருகை | மிக அதிகம் | அதிகம் | அதிகம், அழைக்காமலே | மிகக் குறைவு |
| பத்தாவது வாரம் | பதிவேடு உள்ளவரை | அரிது | பொருந்தாது | பெரும்பாலோர் நிற்பர் |
| உதவி பெறுபவருக்குப் பயன் | வேலையைப் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | உடனடியானது, ஒரு நாளுக்கு | ஆழமானது, சிலருக்கு மட்டும் |
| பெரியவர்களின் சுமை | ஓர் ஆசிரியர் தலையில் எல்லாம் | பணம் | குறைவு | நேரம், வாராவாரம் |
| பாதுகாப்பு | பொறுப்பு தெளிவு | நடத்துபவரைப் பொறுத்தது | கூட்டம், வெயில் | இருவராகச் சென்றால் நன்று |
| விடுபடுபவர் | குறைவு | வெட்கப்படும் பிள்ளைகள் | பெண் பிள்ளைகள், அடுத்த தெருவினர் | பேருந்துக் காசு இல்லாதவர் |

## காலம் பார்த்துத் தொடங்குதல்

எந்த வழியானாலும் நம் பக்கத்துப் பருவத்தை மீறினால் தோல்விதான். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும். அப்போது திறந்தவெளி வேலை வைப்பது பிள்ளைகளை வதைப்பது. பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, ஜூன் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர்க் காலாண்டுத் தேர்வுக்கு முன் பத்து வாரம் கிடைக்கும். ஆண்டில் இதைவிட நல்ல பத்து வாரம் கிடையாது. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கூரைக்குக் கீழே செய்யும் வேலைகளை அதற்கு ஒதுக்கலாம். ஜனவரிக்குப் பிறகு பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். அவர்களே வருகிறேன் என்றாலும் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுங்கள்.

## கேட்ட மூவருக்கு

சத்துவாச்சாரிச் செயலாளர் தெருக்கூட்டலை விட்டுவிட வேண்டும். அது பெரியவர்கள் தமக்காகத் தேர்ந்தெடுத்த வேலை; பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நான்கு பிள்ளைகளை மட்டும் வரவழைத்து, தெருவில் எது உங்களுக்கு அவமானமாக இருக்கிறது என்று கேட்கட்டும். குப்பை என்று சொல்லமாட்டார்கள் என்பது என் ஊகம். எரியாத விளக்கு என்றோ, அடிபட்டுக் கிடக்கும் நாய் என்றோ சொல்வார்கள். அதிலிருந்து நான்காம் வழியில் தொடங்கலாம். சான்றிதழ் அச்சடிக்க ஒதுக்கிய பணத்தில் சிறிய அளவுக் கையுறையும் முதலுதவிப் பெட்டியும் வாங்கி வைக்கட்டும்.

பேரணாம்பட்டு ஆசிரியருக்கு முதல் வழியை விட முடியாது. பட்டியலும் பதிவேடும் அவருடைய கடமை. ஆனால் 50 பேரையும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போகாமல், ஏழெட்டு வேலைகளை எழுதிப்போட்டுப் பிள்ளைகளே ஆறாறு பேராகப் பிரிந்துகொள்ள விடலாம். வராத முப்பத்தைந்து பேரில் எத்தனை பேர் மாலையில் வேலைக்குப் போகிறார்கள் என்று ஒருமுறை தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குள், மதிய இடைவேளையில், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லித்தரும் வேலை பொருந்தும். அதையும் மணிக்கணக்கில் சேர்க்கலாம்.

குடியாத்தத்துத் தாய்க்கு நான் சொன்னது சிறியது. மகனிடம் தொண்டு என்ற சொல்லை எடுக்காதீர்கள் என்றேன். அவன் கைப்பேசியில் கெட்டிக்காரன் என்று அவரே சொன்னார். அவர்கள் தெருவில் தறி நெய்த காலம் முடிந்து வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவருக்கு வெளியூர்ப் பேத்தியோடு முகம் பார்த்துப் பேச ஆசை, போனை எப்படிப் பிடிப்பதென்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்டாளி ஒருவனையும் சேர்த்துக்கொண்டு, "அந்தத் தாத்தாவுக்கு ஒரு கால் போட்டுக் குடுத்துட்டு வாடா" என்று மட்டும் சொல்லி அனுப்பச் சொன்னேன். மூன்று வாரம் ஆகிறது. மூன்றாவது ஞாயிறு அவர் சொல்ல மறந்துவிட்டாராம். நாலரை மணிக்கு மகன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.